பிரேக்கில் சாத்தையாவுக்கு உள்ள பாத்தியம்

கோணவயலுக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் கையைக் காட்டுவார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அந்த ஊரின் நாலு சகோதரர்கள். மூத்தவர் வயிரவன், அடுத்தவர் சாத்தையா, மூன்றாமவர் உடையப்பன், கடைக்குட்டி அடைக்கலம். நாலு பேரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். தொந்தரவெல்லாம் அதனால்தான்.

இவர்களுடைய அப்பா ஒரு பழைய வெளிநாட்டுக் காரை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். எங்கோ ஒரு பங்களாவைக் காலி செய்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. வாசலில் நிறுத்தினால் வீடு சின்னதாகத் தெரியும். கருமாதி முடிந்த அன்று தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சண்டை சச்சரவு இல்லாமல் எல்லாவற்றையும் நாலு சரிபாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எல்லாவற்றையும் என்று மாமா சொன்னதால் காரையும் பிரித்தார்கள்.

வயிரவனுக்கு ஆக்சிலேட்டர். சாத்தையாவுக்கு பிரேக். உடையப்பனுக்கு ஸ்டியரிங். அடைக்கலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள விளக்குகள் எல்லாம். கியர் தானாக மாறிக்கொள்ளும் ரகம் என்பதால் அதில் வம்பு வரவில்லை.

அவரவர் பாகத்தை அவரவர்தான் தொடலாம் என்பது ஏற்பாடு. ஆகவே வயிரவன் டிரைவர் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மட்டும் மிதிப்பார். பக்கத்தில் சாத்தையா ஒரு காலை நீட்டி பிரேக்கில் வைத்திருப்பார். உடையப்பன் பின்சீட்டிலிருந்து எக்கி, அண்ணனின் இரண்டு தோளுக்கும் மேலாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். முன்சீட்டின் இடது கோடியில் அடைக்கலம் விளக்குக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருப்பார். எதிரே வருகிறவர்களுக்கு, வயிரவனை யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துக் கடத்திப் போவதாகத் தோன்றும். பழகிய பிறகு யாரும் போலீசுக்குச் சொல்வதில்லை.

இதில் சாத்தையாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஒருமுறை கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புழக்கத்தில் இல்லாத சொத்து கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு வக்கீல் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து காரில் ஏறினால் இறங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார். நிறுத்த வேண்டிய நேரம் தவிர அழுத்தவும் மாட்டார். சும்மா, லேசாக வைத்திருப்பார். அனுபவ பாத்தியம் போய்விடக் கூடாதல்லவா.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் வயிரவனின் குதிகால் ஒத்துழைக்கவில்லை. பத்து மைல் மிதித்தால் கால் மரத்துவிடும். கார் நிற்கும். தம்பிகள் மூவரும் இறங்கி, வயல் வரப்பில் அவரைப் படுக்கவைத்துக் காலைப் பிடித்துவிட வேண்டும். வேறு யாராவது மிதிக்கலாமே என்று கேட்டால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சுருங்கிவிடும். அண்ணன் சொத்தில் கால் வைப்பதா?

போன வருஷம் அடைக்கலத்துக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. வெற்றிலை பாக்கு மாற்றக் கிளம்பிப் போனார்கள். வழியெல்லாம் நின்று நின்று கால் பிடித்து, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டார் வேறொரு வீட்டாருக்கு விருந்து வைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடைக்கலத்துக்கு அப்போதே முப்பத்தைந்து தாண்டிவிட்டது. திரும்பி வரும்போது அவர் காரின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல்தான், ஆனாலும் அவருக்கு வருத்தத்தைக் காட்ட வேறு வழி இருக்கவில்லை. ஊர் எல்லையில் நின்று பார்த்த எனக்கே பாவமாக இருந்தது.

இந்த வருஷம் மறுபடி ஒரு இடம் அமைந்தது. புளியங்கண்மாய் சேவுகப்பெருமாளின் மகள் வள்ளிக்கண்ணு. கெட்டிக்காரப் பெண் என்று பெயர். மாப்பிள்ளை சொந்தக் காரில் வந்து இறங்க வேண்டும், முகூர்த்தம் தப்பினால் பேச்சுக்கே இடமில்லை என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புளியங்கண்மாய் நாற்பது மைல். வயிரவன் தன் குதிகாலைப் பார்த்தார். அடைக்கலமும் அதையே பார்த்தார்.

அப்போதுதான் உடையப்பனுக்கு அந்தப் பட்டன் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி, அதன் நுனியில் பட்டன். குரூஸ் கண்ட்ரோல் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஒரு வேகத்தில் போகும்போது அதை அழுத்தினால், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே கார் அதே வேகத்தில் போகும். முப்பது மைல் வேகத்துக்குக் கீழே பிடிக்காது. பிரேக்கில் கால் பட்டால் உடனே விட்டுவிடும்.

அதை அழுத்திப் பார்க்கலாம் என்றதும், யார் அழுத்துவது என்ற கேள்வி வந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"பட்டன் என் ஸ்டியரிங் ஓரத்துல முளைச்சிருக்கு. வரப்புல முளைச்ச மரம் நிலத்துக்காரனுக்குத்தான்" என்றார் உடையப்பன்.

"அது பாக்கிறது என் வேலையை" என்றார் வயிரவன். "என் நிலத்தை உழுறவன் எனக்குத்தான் கட்டுப்பட்டவன்."

"என் காலு பட்டாத்தான் அது அடங்குது. யாருக்கு அடங்குதோ அவனோடதுதானே அது" என்றார் சாத்தையா.

அடைக்கலம் தயங்கித் தயங்கி, அது வேலை செய்யும்போது ஒரு பச்சை விளக்கு எரியும் என்று அப்பா சொன்னதை நினைவுபடுத்தினார். எல்லோரும் யோசித்தார்கள். நாலு பேர் சொல்வதும் நியாயமாகவே இருந்தது. ஆகவே நாலு பேரும் சேர்ந்து, நாலு கட்டைவிரலால் அழுத்துவது என்று முடிவாயிற்று.

அப்படியே அழுத்தினார்கள். உடையப்பன் ஒரு கையை அதற்காக எடுத்ததில் கார் கொஞ்சநேரம் வெங்காய வயலுக்குள் போய்விட்டு வந்தது. மற்றபடி குறையில்லை. ஆனால் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்கவில்லை. பச்சை விளக்கு எரியவே இல்லை. எத்தனை தடவை அழுத்தியும் அதே கதைதான்.

டவுனில் இன்னாசி மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார். பழைய கார்கள் என்றால் அவர்தான். போனில் விவரம் கேட்டுவிட்டு, முதலில் பியூஸைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். காலையில் வயிரவன் பார்த்தார், வெயில் ஏறியதும் அண்ணனை எழுப்பிவிட்டு சாத்தையா உட்கார்ந்து பார்த்தார், சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற இருவரும் பார்த்தார்கள். சாயங்காலம் மேஸ்திரிக்குப் போன் செய்து, நன்றாகப் பார்த்துவிட்டோம், அதனிடம் ஒரு மாறுதலும் தெரியவில்லை என்றார்கள்.

மேஸ்திரி பொறுமைசாலி. பிரேக் லைட் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தால் குரூஸ் பிடிக்காது, காரை ஓட்டிப் பாருங்கள், ஒருவர் பின்னால் நின்று லைட்டைக் கவனிக்கட்டும் என்றார்.

விளக்கு அடைக்கலத்தின் பாகம் என்பதால் அவர் பின்னால் நின்றார். அண்ணன்மார் மூவரும் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். கண்மாயைச் சுற்றிக்கொண்டு ஊரின் மறுபக்கமாகத் திரும்பி வந்தபோது அடைக்கலம் அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எரிஞ்சுதாடா?" என்று கேட்டார் வயிரவன்.

"எரிஞ்சுதுண்ணே. கிளம்பும்போது பெருசா எரிஞ்சுது. போகப் போகச் சின்னதாயிருச்சு. அந்த இச்சிமரம் தாண்டினதும் அணைஞ்சிருச்சு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் இச்சிமரத்தடிக்குப் போனார்கள். மரத்தைச் சுற்றி வந்து, வேரைத் தட்டிப் பார்த்து, கிளைகளை அண்ணாந்து பார்த்தார்கள். மரத்தில் ஒரு கோளாறும் தெரியவில்லை. மேஸ்திரியிடம் அதையும் சொன்னார்கள்.  அவர், நேரில் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மேஸ்திரி வந்தார். பானட்டைத் திறந்து குழாய், வயர், கேபிள் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நால்வரையும் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்த்தார். தங்கள் சொத்தில் எல்லாம் அந்நியர் கை வைக்கிறாரே என்று நால்வரும் வேதனையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்மாய்க்கரை முழுக்க குரூஸ் கண்ட்ரோல் அருமையாக வேலை செய்தது.

மேஸ்திரி இறங்கிவந்து, "வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. கோளாறு உங்க நாலு பேர்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கு" என்றார்.

இதைக் கேட்டு அவர்கள் கோபப்படவில்லை. யாரிடம் என்று கண்டுபிடிக்கத் தீர்மானித்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டு மற்றவர்கள் ஓட்டிப் பார்ப்பது. முதலில் வயிரவன் இறங்கினார். மிதிக்க ஆளில்லாமல் கார் நின்ற இடத்திலேயே நின்றது. கோளாறு வயிரவனிடம் இல்லை. அடுத்து உடையப்பன் இறங்கினார். கார் நேராகப் போய் வைக்கோல்போருக்குள் நுழைந்துகொண்டது. கோளாறு உடையப்பனிடமும் இல்லை. அடைக்கலம் இறங்கியும் பச்சை விளக்கு எரியவில்லை. சாத்தையா மட்டும் இறங்க மறுத்தார்.

அப்போதுதான் மேஸ்திரி குனிந்து உள்ளே பார்த்தார். சாத்தையாவின் கால் பிரேக்கின்மேல் இருந்தது. மேஸ்திரி நிமிர்ந்து, போரிலிருந்து காரை இழுத்தபோது தலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் எடுங்க."

"எடுத்தா பாத்தியம் போயிருமே மேஸ்திரி. அப்புறம் நீங்களா வாங்கித் தருவீங்க?"

"உங்க தம்பி கல்யாணம்ணே."

"அவன் கல்யாணம்தான். அதுக்காக நான் ஏழையாகணுமா?"

அடைக்கலம் போய் முன்விளக்கை அணைத்துவிட்டு வந்து நின்றார். சாத்தையாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு ஆளுக்குப் பதில் வேறெதுவும் பாத்தியம் காக்குமா என்று எல்லோரும் யோசித்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட்டு நம்முடையது, அதை நாட்டில் யாரும் மறுப்பதில்லை என்று உடையப்பன் சொன்னார். அது வக்கீல் சொன்னதைவிடப் பலமாகத் தோன்றியது. சாத்தையா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து பிரேக்கின்மேல் போட்டார். காலை எடுத்தார். ஓட்டிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அடைக்கலம் அந்த விளக்கை இமைக்காமல் பார்த்தார்.

மேஸ்திரி விடைபெறும்போது, "நாளைக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பிரேக்ல கால் வைக்காதீங்க சாமிகளா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். முப்பது மைல் வேகத்தில் பட்டனை அழுத்தியதும் வயிரவன் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார். ஜிலுஜிலுவென்று காற்று. வழியிலுள்ள ஆடுமாடுகளுக்கு இவர்களை ஏற்கெனவே தெரியும் என்பதால் தாமே ஒதுங்கிக்கொண்டன. வயிரவன் தாளம் போட்டுப் பாடக்கூடச் செய்தார். முகூர்த்தத்துக்கு நிறைய நேரம் இருக்கும்போதே புளியங்கண்மாய் வந்துவிட்டது.

மண்டபம் ஒரு பெரிய சந்தைப் பொட்டலின் நடுவில் இருந்தது. வாசலில் வாழைமரம், ஆரத்தித் தட்டோடு பெண்கள், நாதஸ்வரம், தவில். சேவுகப்பெருமாள் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். கார் அவரைத் தாண்டிப் போயிற்று.

"சாத்தையா, பிரேக்" என்றார் வயிரவன்.

"போய்ச் சேர்ற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு."

"வந்தாச்சேடா."

"எங்கண்ணே வந்தாச்சு? இறங்கினாத்தானே வந்து சேந்ததா அர்த்தம்."

இதில் ஒரு நியாயம் இருந்தது. நிற்காமல் இறங்க முடியாது. இறங்காமல் வந்து சேர்ந்ததாகாது. வந்து சேராமல் நிறுத்தக் கூடாது. உடையப்பன் யோசிக்க நேரம் வேண்டுமென்று ஸ்டியரிங்கை ஒடித்து மண்டபத்தைச் சுற்றினார். ஒரு சுற்று வந்தார்கள். பேச்சு முடியவில்லை. இன்னொரு சுற்று போனார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் முதலில் மரியாதையாகப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் சுற்றுக்கு ஒருமுறை மங்கள வாத்தியம் வாசித்தார். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார். கடைசியில் வள்ளிக்கண்ணுவே மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்து நின்றாள். கார் தாண்டும்போது கேட்டாள்.

"ஏன் நிக்கல?"

பதில் அடுத்த சுற்றில் வந்தது. "இன்னும் வந்து சேரல" என்றார் அடைக்கலம்.

"அப்ப இப்ப எங்க இருக்கீங்க?"

அடுத்த சுற்றில், "அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார். சொல்லிவிட்டு முன்விளக்கை அணைத்தார். போன வருஷத்து விருந்து வாசனை அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும்.

வள்ளிக்கண்ணு சிலநொடி யோசித்தாள். கெட்டிக்காரி என்று சும்மா சொல்லவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். அதற்கும் பதில் ஒரு சுற்று கழித்துத்தான் கிடைத்தது. பாகம் பிரித்தபோது சாவியை மறந்துவிட்டார்களாம். அது யாருடையதும் இல்லை. இத்தனை நாளும் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுத்தான் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப அது எனக்கு" என்றாள் வள்ளிக்கண்ணு.

காருக்குள் இதைத் தீவிரமாக விவாதித்தார்கள். அடைக்கலம் முகம் வெளுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "தாராளமா உனக்குத்தான். ஆனா நீ எங்க வீட்டு ஆளானாத்தான் சேரும்னு பெரியண்ணன் சொல்றாரு. தாலி கட்டினப்புறம்தான்."

தாலி கட்டினால்தான் சாவி. சாவி கிடைத்தால்தான் கார் நிற்கும். கார் நின்றால்தான் தாலி. சேவுகப்பெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஐயர், இன்னும் கால்மணி நேரம்தான் என்றார்.

பந்தல் சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. வள்ளிக்கண்ணு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறினாள். ஐயரையும் கை கொடுத்து ஏற்றினாள். தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் தாமாகவே ஏறிக்கொண்டார்கள். குட்டியானை புழுதியைக் கிளப்பிக்கொண்டு காரின் இடதுபக்கத்தில் வந்து ஒட்டியது. ஐயர் மந்திரம் சொன்னார், பாதி காற்றில் போயிற்று. அடைக்கலம் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்தார். சாத்தையா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம் முழங்க, முப்பது மைல் வேகத்தில், அடைக்கலம் மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். பொட்டல் முழுக்க ஓடி ஓடி அட்சதை வீசினார்கள். நானும் வீசினேன், அது தவில்மேல் விழுந்தது.

"பெரியத்தான்" என்று வள்ளிக்கண்ணு குரல் கொடுத்தாள். "சாவி இப்ப என்னோடது. நான் சொல்றேன், திருப்புங்க."

சொத்துக்காரி உத்தரவு. வயிரவன் திருப்பினார். கார் மெல்ல உருண்டு வந்து வாசல் வாழைமரத்தில் முட்டி நின்றது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. சம்மணம் போட்டே வந்ததில் வயிரவனுக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அவர் மறக்காமல் தன் துண்டை ஆக்சிலேட்டரில் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். அடைக்கலம் இறங்கி, காரின் எல்லா விளக்குகளையும் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமான மனுஷனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வள்ளிக்கண்ணு குட்டியானையிலிருந்து இறங்கி நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். சாவியை வலதுகையால் பிடித்துக்கொண்டாள்.

பந்தி போட்டாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை. சேவுகப்பெருமாள் தேடிக்கொண்டு வந்தார். காருக்குள் வாழையிலையை மடியில் வைத்துக்கொண்டு அடைக்கலம் பெண்டாட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உள்ள வந்து சாப்பிடக் கூடாதா?"

"கையை எடுத்தா பாத்தியம் போயிரும்ப்பா" என்றாள் வள்ளிக்கண்ணு, வாயில் சோற்றோடு. "இப்பத்தான் கிடைச்சிருக்கு. துண்டும் இல்ல எங்கிட்ட."

சேவுகப்பெருமாள் சாவியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். மகள் சொன்னதை யோசித்தார். நிச்சயதார்த்தச் சீராக அந்தக் காருக்குப் புது டயர்கள் போட்டுக் கொடுத்தது அவர்தான். மெதுவாகக் குனிந்து, முன்பக்கத்து டயரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு இலையை இங்கயே போடச் சொல்லுங்க. அப்படியே என் தம்பிமார் மூணு பேரையும் உடனே வரச் சொல்லுங்க. இன்னும் மூணு டயர் சும்மா கிடக்கு."